முதல் நாள் செலவு



சாவைப் பற்றி எழுதினால் 'வேறு விஷயமே கிடைக்கவில்லையா?' என்று தாய்மார்கள் கோபித்துக்கொள்வார்கள். இருந்தாலும் இம்முறை எழுதத்தான் வேண்டும். கல்யாணத்துக்கு நாள் குறித்து, ஆறு மாதம் முன்பே பணம் சேர்க்கிறோம். சாவு நம்மிடம் நாள் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

எங்கள் செடெனாக் வட்டாரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். காலையில் பசியாறிவிட்டு வேலைக்குப் புறப்பட்ட தகப்பனார், வாசலிலேயே சாய்ந்துவிட்டார். மாலைக்குள் பெட்டி, வண்டி, மேளம், பூ, வந்தவர்களுக்குச் சாப்பாடு என்று ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டது. மூத்த மகன் கையில் இருந்ததோ முந்நூறு வெள்ளி. 'அப்பாவுக்கு ஒரு குறையும் வைக்கமாட்டேன்' என்று வட்டிக்காரரிடம் போனார்.

அப்பாவின் சேமநிதியில் பணம் இல்லாமல் இல்லை. ஆனால், வாரிசாக எழுதியிருந்தது அவரைப் பெற்ற தாயாரின் பெயர். அந்தப் பாட்டி காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. மகன் காகிதங்களைச் சுமந்து அலைந்து முடிப்பதற்குள் வட்டி அசலைத் தாண்டிவிட்டது. பணமில்லாமல் வந்த கடனல்ல அது. பணம் அன்றைக்குக் கைக்கு வராததால் வந்த கடன்.

ரப்பர் காலத்தில் தோட்டத்தில் யார் இறந்தாலும் லயமே திரண்டு வரும். பந்தல் போட ஆள், குழி வெட்ட ஆள், சமைக்க ஆள். லோரியும் தோட்டத்துடையது, அடக்கம் செய்யும் நிலமும் தோட்டத்துடையது. சம்பள நாளில் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து மரண சகாய நிதி சேர்த்த தோட்டங்களும் உண்டு. பிறகு செம்பனை வந்தது. ஆள் தேவை குறைந்தது. செடெனாக்கிலேயே இன்று தொழில்நுட்பப் பூங்காவும் தரவு மையங்களும் எழும்புகின்றன. நம்மவர்கள் கூலாய், செனாய் பக்கம் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் போய்விட்டார்கள். அன்று உழைப்பாக வந்த உதவி, இன்று பில்லாக வருகிறது.

என்ன செய்யலாம்? முதலில் காகிதம்.

ஊழியர் சேமநிதியில் உங்கள் வாரிசாக யார் பெயர் இருக்கிறது என்று இந்த மாதமே பாருங்கள். வாரிசாக எழுதப்பட்டவர் இறந்திருந்தால் அந்த நியமனம் செல்லாது, புதிதாக எழுதவேண்டும். 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்பார்கள். கீழக்கரை வள்ளலுக்கு மட்டுமல்ல, வாரிசு பெயரைச் சரியாக எழுதி வைத்த தொழிலாளிக்கும் அந்தப் பெருமை உண்டு. சேமநிதி வாரியம் தரும் 2,500 வெள்ளி மரண உதவிக்கு, வயது, குடியுரிமை நிபந்தனைகளுடன், இறந்த 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

சொக்சோவிலும் ஈமச் செலவுக்கு உதவி உண்டு. வேலை விபத்தில் இறந்தவர்களுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். சந்தா நிபந்தனை நிறைவாகியிருந்தால் நோயில் இறந்தவரின் குடும்பமும் கேட்கலாம். பெட்டிக்கும் வண்டிக்கும் கொடுத்த ரசீதுகளை எறிந்துவிடாதீர்கள். வீட்டில் மரணம் நேர்ந்தால் போலீசில் தெரிவித்து அடக்க அனுமதிப் பத்திரம் வாங்குங்கள். தீபகற்பத்தில் 7 நாளுக்குள் மரணத்தைப் பதிவு செய்யவேண்டும். மரணச் சான்றிதழ் இல்லாமல் எந்த அலுவலகக் கதவும் திறக்காது.

ஆனாலும் இந்தப் பணமெல்லாம் முதல் நாள் வராது. பிரேதம் காத்திருக்காது. அந்த இடைவெளியை அடைக்கத்தான் கூட்டு நிதி.

இது நம் முன்னோர் மட்டும் கண்ட வழியல்ல. ரோமாபுரிக்கு அருகே லனுவியம் என்ற ஊரில் கி.பி. 136-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அடிமைகளும் சேர்ந்திருந்த ஒரு சபையின் விதிகள் அதில் உள்ளன. மாதச் சந்தா கட்டியவர் இறந்தால் ஈமச் செலவுக்கு 300 செஸ்டெர்ஸ் காசு. அதில் 50 காசு இறுதி ஊர்வலத்தில் வந்தவர்களுக்கு. எத்தியோப்பியாவில் 'இத்திர்' என்ற பெயரில் தெருவுக்குத் தெரு இத்தகைய சங்கங்கள் இன்றும் இருக்கின்றன. பணம் மட்டுமல்ல, கூடாரம், நாற்காலி, சமையல் பாத்திரம், உடனிருந்து ஆறுதல் சொல்ல ஆட்கள், எல்லாம் சங்கத்தின் பொறுப்பு.

நம் கணக்கைப் பார்ப்போம். இருபது குடும்பம், மாதம் பத்து வெள்ளி. வருடத்துக்கு 2,400 வெள்ளி. பெரிய தொகையல்ல, ஆனால், இரவோடு இரவாக வட்டிக்காரர் வீட்டுக் கதவைத் தட்டாமல் காப்பாற்றும் தொகை. நாட்டில் ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்து சங்கம் நடத்தினால் 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி பதிவு வேண்டும். சங்கப் பதிவிலாகாவில் விசாரித்துவிட்டே தொடங்குங்கள். பணம் ஒருவர் பையில் இருக்கக்கூடாது. வங்கியில் இருவர் கையெழுத்தில் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கை எல்லார் முன்னிலையிலும் வாசியுங்கள்.

மகன்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டியின் பளபளப்பைக் கொண்டு யாரும் உங்கள் பாசத்தை அளக்கப்போவதில்லை. கடன்படாமல் செய்த எளிய காரியமும் முறையான காரியமே. பெற்றோர்களுக்கும் ஒன்று சொல்வேன். 'என் சாவுக்கு இப்போதே கணக்கா?' என்று வருந்தாதீர்கள். சேமநிதிக் காகிதம், அடையாளக் கார்டு நகல், சொக்சோ விவரம், மூன்றையும் ஓர் உறையில் போட்டு, அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று ஒரு பிள்ளையிடமாவது சொல்லிவையுங்கள்.