எச்சரித்தும் ஏன் எழும்பவில்லை?

பெரகலயிலிருந்து கொஸ்லந்தைக்கு இறங்கும் பாதையில் மீரியபெத்தையின் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு குற்றச்சாட்டும் கூடவே எழுகிறது. "2005இலும் 2011இலும் எச்சரித்தார்களே, சனங்கள் ஏன் எழும்பவில்லை? அறியாத சனம்!" 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மண்ணுள் புதையுண்டவர்கள் மீதே பழியைப் போடும் இப்பேச்சு நீதியானதல்ல, உண்மையுமல்ல.

அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் (1904-1990) காட்டிய பாடம் எளிது. கூண்டிலுள்ள எலி நெம்பை அழுத்தியதும் தீன் விழுந்தால் மீண்டும் மீண்டும் அழுத்தும். தீன் நின்றால் மெல்ல மெல்ல விட்டுவிடும். செயலுக்குப் பின் வரும் பலன் அச்செயலை வலுப்படுத்துவதை 'மீளவலியுறுத்தல்' என்பர். தொல்லை ஒன்று நீங்குவதும் அவ்வாறே செயலை வலுப்படுத்தும். மழையில் நாம் குடை விரிப்பது அதனால்தான்.

இனி மழை இரவில் லயத்தை விட்டு வெளியேறும் குடும்பத்தைப் பாருங்கள். மறுநாள் வேலைக்குப் போகாவிட்டால் பேர் இல்லை. ஆடு, கோழியைப் பார்க்க ஆளில்லை. பிள்ளைகளுக்கு ஈரத் தரை. விடிந்தால் மலை அப்படியே நிற்கிறது. போனவருக்கு நட்டம், இருந்தவருக்கு நித்திரையும் கூலியும். பத்து முறை இப்படி நடந்தால் பதினோராவது முறை யார் எழும்புவார்? துரைமாரும் எழும்பமாட்டார்கள். மலையோ ஒரே ஒரு முறைதான் பாடம் சொல்கிறது. அதைக் கற்றவர் பலர் மிஞ்சுவதில்லை.

ஆகவே அதட்டலும் அறிவித்தலும் மாத்திரம் போதா. பலனை மாற்ற வேண்டும். 24 மணித்தியாலத்தில் மழை 150 மில்லிமீற்றரைக் கடந்தால் வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவு. அந்த அளவு எட்டி வெளியேறும் நாளுக்கு முழுப் பேர் போடட்டும். போய்ச் சேர்ந்தவுடன் சுடச்சுடச் சாப்பாடும் உலர்ந்த பாயும் கிடைக்கட்டும். பலன் உடனே வர வேண்டும். மாதம் கழித்து வரும் நிவாரணம் எவரையும் பழக்காது.

"காசு கொடுத்துச் சனத்தைப் பழக்குவதா?" எனச் சிலர் கேட்பர். 2013ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில், நூற்றுக்கு 75 வீத நாட்கள் வேலைக்கு வந்தோருக்கு நாளொன்றுக்கு 140 ரூபா வருகைக் கொடுப்பனவு இருந்தது. வேலைக்கு வரப் பழக்கக் காசு இருந்ததென்றால் உயிர் தப்பப் பழக்க ஏன் இல்லை?

மீரியபெத்தையில் எஞ்சியோருக்கு மாக்கல்தெனியவில் வீடு கிடைத்தது 2016இல். போவதற்கு ஒரு வீடு முன்னரே இருந்திருந்தால், எச்சரிக்கைக்கு அர்த்தம் இருந்திருக்கும். இடம்பெயர்ந்த நீங்களே இதைச் சொல்ல உரிமையுள்ளவர்கள். அடுத்த கூட்டத்தில் வெளியேறும் நாளுக்குப் பேரும், பாதுகாப்பான காணியும் கேளுங்கள்.