அமைதியாக வாழவும் உரிமை உண்டு

தமிழகத்தில் திருநங்கைகளுக்கு 2008இலேயே நல வாரியம் வந்தது. 2014 ஏப்ரல் 15இல் உச்ச நீதிமன்றமும் திருநர்களின் பாலின அடையாளத்தை அங்கீகரித்தது. திருநங்கை பிரித்திகா யாஷினி நீதிமன்றப் படியேறித்தான் 2017இல் காவல் உதவி ஆய்வாளரானார். அப்படிப் போராடியவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அதற்காக ஒவ்வொரு திருநங்கையும் திருநம்பியும் ஒலிபெருக்கி பிடித்தாக வேண்டுமா? வேலைவிட்டு வந்து, கதவைச் சாத்தி, சோறு பொங்கிச் சாப்பிட்டுத் தூங்க நினைப்பவரைக் கோழை என்பது அநியாயம். அந்தத் தூக்கத்துக்கும் முதலில் ஒரு வீடு வேண்டும். கேட்டுப் போனால், ‘மற்ற குடித்தனக்காரர்கள் என்ன சொல்வார்களோ’ என்று இழுக்கிறார் வீட்டுக்காரர். ஒதுங்கி வாழ விரும்புகிறவரையும் தெருவுக்கு இழுப்பது நாம்தான்.

வீடு வாடகைக்கு விடுவோரே, திருநங்கை ஒருவர் வந்து கேட்டால் முன்பணமும் வாடகையும் மட்டும் பேசுங்கள்.