கோலூன்றிப் பாய்தலிற் காலின் வீச்சு

இல்ல விளையாட்டுப் போட்டி நாளிற் கோலூன்றிப் பாயுமிடத்தை நாடிக் கூட்டந் திரளுதல் நாமெல்லாங் கண்ட காட்சியே. கூடினோர் கண்கள் யாவும் குறுக்குத்தடியையே நோக்கி நிற்கும். பாய்பவனுடைய பின்காலை நோக்குவார் மிகச் சிலர். ஆயின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் அக்காலிலேயே தங்கியுள்ளன என்பது எமது துணிபு.

வலக்கையை மேலே பிடித்து ஓடிவருபவன் இடக்காலால் நிலத்தை உதைத்து எழுகின்றான். வலமுழந்தாள் முன்னே உயர, உதைத்த இடக்கால் பின்தங்குகின்றது. அதனை மடக்காது நீட்டியவாறே முன்னோக்கி விசையோடு வீசுதல் வேண்டும். அவனுடல் கையிலிருந்து தொங்கும் ஓர் ஊசல் போன்றது. நீண்ட ஊசல் விரைந்து வீசுங்கால் கோல் மேலும் வளையும். வளைந்த கோலிற் சேர்ந்த சக்தியே பின்னர் அவனை மேலே எறியும்.

பயிற்சி குறைந்த மாணவன் உதைத்தவுடனே இரு முழந்தாள்களையும் மார்போடு மடக்கிக்கொள்கின்றான். ஊசல் குறுகுவதால் உடல் எளிதிற் சுழலும். சிறிய உயரத்தைக் கடந்து பரிசும் பெறுவான். ஆயின் கோலுக்கு அவன் அளித்த சக்தி சொற்பமாதலின், தடி உயர உயர அம்முறை பலியாது. அக்குறையை ஈடுசெய்யக் கோலை மேலும் உயரப் பிடிப்பானாயின், கோல் நிமிராது அவனை ஓடிவந்த பக்கமே தள்ளிவிடுதலும் உண்டு. அங்கே மெத்தை இல்லை.

வல்லவர் யாவரும் ஒரேவகையாகப் பாய்வதில்லையே எனச் சிலர் வினவலாம். உண்மையே. பிரான்சு நாட்டு றெனோ லவிலெனி முன்முழந்தாளையும் தாழ்த்தி இரு கால்களையும் சேர்த்து வீசுபவர். எனினும் பின்காலின் நீண்ட வீச்சை அவர் கைவிட்டாரல்லர். 1.77 மீற்றர் உயரமேயுள்ள அவர், செர்கேய் புப்கா 1993இல் தொனெற்ஸ்க் நகரில் நாட்டிய 6.15 மீற்றர் உள்ளரங்கச் சாதனையை, அதே நகரில் 2014இல் 6.16 மீற்றர் பாய்ந்து முறியடித்தார். உயரங்குன்றிய எம் மாணவர்க்கு இது நல்ல பாடமாகும்.

யாழ்ப்பாணம் இத்துறைக்குப் புதியதன்று. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியிற் பயின்ற அனித்தா ஜெகதீஸ்வரன் பெண்களுக்கான தேசிய சாதனையை நிலைநாட்டியமை யாவரும் அறிந்ததே. இங்கே திறமைக்குப் பஞ்சமில்லை. அவசரமே எம்மைக் கெடுக்கின்றது. போட்டிக்குச் சில வாரங்கள் இருக்கையிற் கோலைக் கொடுத்துப் பதக்கத்தை எதிர்பார்த்தல் முறையாகாது. புதிதாகப் பழகுபவனுக்குச் சில மாதங்கள் குறுக்குத்தடியே வேண்டா. கிடைச்சட்டத்திலே தொங்கிக் காலை நீட்டி வீசப் பழகுக. பின்னர்ச் சில அடிகளே ஓடி, தாழப் பிடித்த கோலுடன் மெத்தைமேல் எழப் பழகுக.

பழைய மாணவராகிய நாமும் எமது கடமையை உணர்தல் வேண்டும். வெற்றிக் கிண்ணம் வழங்க முன்வருவார் பலர். மெத்தைக்கும் பயிற்றுநர் வேதனத்துக்கும் உதவுவார் சிலரே. இவ்விழா ஆண்டிலே கிண்ணத்துக்கென ஒதுக்கும் பணத்தை ஒருமுறையேனும் மெத்தைக்கு ஒதுக்குவோமாக.