மூன்று மாதப் பயிற்சி யாருக்கு வேண்டும்?

2025 ஆகஸ்டு 3. திருவனந்தபுரத்தில் கேரள அரசு கூட்டிய திரைப்படக் கொள்கை மாநாடு. மேடையில் அடூர் கோபாலகிருஷ்ணன். தலித், பழங்குடி இயக்குநர்களுக்கும் பெண் இயக்குநர்களுக்கும் படமெடுக்க அரசு தருகிற ஒன்றரைக் கோடி ரூபாய் அதிகமாம். அதை அய்ம்பது அய்ம்பது லட்சமாகப் பிரித்து மூன்று பேருக்குக் கொடுக்கலாமாம். கொடுக்கிறதுக்கு முன்னால் மூன்று மாதமாவது தீவிரப் பயிற்சி தரவேண்டுமாம். கூட்டத்திலிருந்து எழுந்து எதிர்ப்புத் தெரிவித்தார் பாடகி புஷ்பவதி. அமைச்சர் சஜி செரியான் திட்டத்தை ஆதரித்துப் பேசினார். பெரியவர் தன் பேச்சிலிருந்து இறங்கி வரவில்லை.

பயிற்சி என்கிற இந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டியிருக்கிறது தோழர்களே. நம் மாணவர்களிலேயே சிலர், 'அவர் சொன்னதுல என்ன தப்பு, பயிற்சி நல்லதுதானே' என்கிறார்கள். நல்லதுதான். யார் வேண்டாம் என்றார்கள்? பயிற்சிக்கூடத்துக் கதவை யாருக்குத் திறந்தார்கள், யாருக்குச் சாத்தினார்கள் என்று கேட்டுவிட்டுப் பேசுவோம்.

கோட்டயம் மாவட்டத்தில் கே.ஆர். நாராயணன் பெயரில் ஒரு அரசுத் திரைப்படக் கல்லூரி இருக்கிறது. அதே மாவட்டத்து உழவூரில் பிறந்து, 1997இல் குடியரசுத் தலைவரான முதல் தலித் அவர். ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலி, இயக்கம் எல்லாம் சொல்லித் தருகிற இடம். 2022 டிசம்பர் 5ஆம் தேதி அங்கே மாணவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். படத்தொகுப்புப் பிரிவில் இடம் காலியாகக் கிடந்தும் தலித் மாணவர் ஒருவருக்குச் சேர்க்கை மறுக்கப்பட்டது என்பது அவர்கள் வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. துப்புரவுப் பணிசெய்யும் பெண்கள் இன்னொன்றைச் சொன்னார்கள். கல்லூரி இயக்குநரின் வீட்டுக்குப் போய்க் கழிப்பறை கழுவ வைத்தார்கள், வெளியே குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழையவேண்டும் என்றார்கள் என்று. இயக்குநர் மறுத்தார். மறுக்காமல் என்ன செய்வார்?

அப்போது அந்தக் கல்லூரியின் தலைவர் யார்? இதே அடூர். அவர் மாணவர் பக்கம் நிற்கவில்லை. இயக்குநர் பக்கம் நின்றார். அந்தத் துப்புரவுப் பெண்கள் இப்போது சினிமாப் பெண்கள் அமைப்பின் உறுப்பினர்கள் மாதிரி உடுத்திக்கொண்டு வருகிறார்கள் என்று கேலி பேசினார். பாருங்கள் இந்தப் புத்தியை. தீட்டுக் குளியல் பற்றித் தொலைக்காட்சி கேமரா முன்னால் ஒரு பெண் வாய்திறந்தால் அவள் சொல்வது இவர் காதில் விழவில்லை, அவள் சேலை கண்ணில் படுகிறது. நல்ல சேலை கட்டினால் பொய் சொல்கிறாள் என்று அர்த்தமா? கிழிசலோடு வந்திருந்தால் நம்பியிருப்பாரா? நம் ஆட்கள் கேமராவுக்கு முன்னால் எப்படி நிற்கவேண்டும் என்பதற்கும் இவர்களிடம் ஒரு திரைக்கதை இருக்கிறது.

2023 ஜனவரியில் இயக்குநர் பதவி விலகினார். அரசு கோரிக்கைகளை ஏற்ற பிறகே மாணவர்கள் எழுந்தார்கள். 31ஆம் தேதி அடூரும் விலகினார்.

இரண்டரை வருஷம் கழித்து அதே வாய் மூன்று மாதப் பயிற்சி என்கிறது. மூன்று வருஷம் படிக்க வந்தவனுக்கு இடமில்லை என்று சொன்னதாகப் புகார் எழுந்த கல்லூரிக்குத் தலைவராக இருந்தவர் சொல்கிறார், இவர்களுக்குப் பயிற்சி போதாது என்று. இதற்குப் பெயர் என்ன அய்யா?

மக்கள் வரிப்பணம் என்று வேறு கவலைப்படுகிறார். அவர் படித்தது புனே திரைப்பட நிறுவனத்தில். அது யார் பணம்? 1972இல் வந்த அவருடைய முதல் படம் 'சுயம்வரம்'. அதற்கு ஒன்றரை லட்சம் கடன் கொடுத்தது மத்திய அரசின் திரைப்பட நிதிக் கழகம். அது யார் பணம்? படம் நல்ல படம்தான், தேசிய விருதும் வாங்கியது, அதில் எனக்குச் சண்டையில்லை. அன்றைக்கு ஒரு புதிய ஆளை நம்பி அரசு பணம் கொடுத்தது. அந்த நம்பிக்கை நம்மிடம் வரும்போது மட்டும் ஏன் மூன்றாகப் பிளந்து போகிறது?

படத்தொகுப்பு மேசை சாதாரண மேசை இல்லை. அடி விழுகிற இடத்தில் வெட்டுவதா, அடித்தவன் முகம் தெரிகிறவரை ஓடவிடுவதா என்பது அங்கேதான் முடிவாகிறது. 1999 ஜூலை 23இல் நெல்லையில் மாஞ்சோலைத் தொழிலாளர் ஊர்வலத்தைக் காவல்துறை தாமிரபரணிக்குள் விரட்டி 17 பேர் செத்தார்கள். ஆர்.ஆர். சீனிவாசன் அதை ஆவணப்படமாக எடுத்தார். அந்தப் படத்தைத் தெருத் தெருவாகத் திரையிட்டவர்களுக்குத் தெரியும், ஒரு துண்டுக் காட்சி எவ்வளவு பேசும் என்று. அந்த மேசையில் நம் பிள்ளை உட்காரக் கூடாது என்பதில் சிலருக்கு அக்கறை இருக்கிறது. 1930இல் (1928 என்பாரும் உண்டு) முதல் மலையாளப் படத்தில் நாயர் பெண்ணாக நடித்த பி.கே. ரோசியைக் கல்லால் அடித்துத் துரத்தினார்கள். அவர் நாகர்கோவில் பக்கம் வந்து, யாரென்று தெரியாமலே வாழ்ந்து முடிந்தார். இன்றைக்குக் கல் எறிய வேண்டியதில்லை. சேர்க்கைப் பட்டியல் போதும்.

கேரளாக்காரனைத் திட்டிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. நான் வங்கிக் குமாஸ்தா. சில வருஷம் முன்பு காலனியிலிருந்து ஒருவர் மகனைக் கூட்டிக்கொண்டு கல்விக்கடன் கேட்டு வந்தார். பையனுக்கு ஒளிப்பதிவு படிக்க இடம் கிடைத்திருந்தது. "கேமரா புடிப்பேங்கிறான் சார். நம்ம தெருவுக்கு எழவுக்குக்கூட கேமரா வந்ததில்ல" என்றார். ஏழரை லட்சம் வரை சொத்து ஈடில்லாமல் கொடுக்கத் திட்டத்தில் வழியிருக்கிறது. மேலாளர் சிரித்தார். "சினிமா படிக்கிறதுக்கெல்லாம் லோனா? நர்சிங், ஐ.டி.ஐ. ஏதாச்சும் சேத்துவிடுங்க" என்றார். மறுப்புக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவன் நான். கவிதை எழுதுகிற இதே விரல்தான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மேலே எழுதலாம் என்று அவரிடம் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

மாணவத் தோழர்கள் ஒன்று செய்யலாம். காட்சித் தொடர்பியல், திரைப்படப் படிப்பு நடத்துகிற அரசு, உதவிபெறும் கல்லூரிகளில் கடந்த அய்ந்து வருஷமாகப் பட்டியல் சாதி, பழங்குடி இடங்கள் எத்தனை, நிரப்பியது எத்தனை, காலியாக விட்டது எத்தனை, பிரிவு வாரியாகத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஒளிப்பதிவுக்கும் படத்தொகுப்புக்கும் தனித்தனியாகக் கேளுங்கள், மொத்தக் கணக்கில் ஒளித்துவிடுவார்கள். வந்த பதிலை இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள்.

அந்தப் பையனைப் போன மாதம் பார்த்தேன். ஸ்டூடியோ ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்து தானாகக் கற்றுக்கொண்டு கல்யாண வீடியோ எடுக்கிறான். லென்ஸ் வாங்க நகைக்கடனுக்கு வந்திருந்தான், அம்மாவின் கம்மலும் சங்கிலியும். என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. டோக்கன் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு போய் வரிசையில் நின்றான்.