ஈரற் கொழுப்பும் இருதய நோயும்

கல்லீரல் நோய் குடிகாரருக்கே உரியது என்னும் எண்ணம் நம் நாட்டில் வேரூன்றி நிற்கின்றது. மதுவைத் தீண்டாத ஒருவரிடம், "உமது ஈரலில் கொழுப்புப் படிந்துள்ளது" என்று கூறினால், அவர் முதலில் நாணுவர், பிறகு சினங்கொள்வர், இறுதியில் மறந்துவிடுவர். அம்மறதியே அபாயம்.

மத்தூரில் எனக்கு நெருங்கிய உறவினர் ஒருவர் இருந்தார். ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்டு வேலை. மதுவும் புகையும் அறியாதவர். வயிற்று வலிக்காக எடுத்த ஸ்கேன் அறிக்கையில், ஈரலில் முதல் நிலைக் கொழுப்பு என்று ஒரு வரி இருந்தது. "இக்காலத்தில் எல்லாருக்கும் உள்ளதுதானே" என்று சொல்லி அனுப்பிவிட்டனர். அறிக்கை பெட்டிக்குள் போயிற்று. நான்காம் ஆண்டில், இரவு வேலை முடிந்து பேருந்தினின்று இறங்கியவர் மார்பைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தார், எழவில்லை. வயது 46. அவ்வொரு வரியால்தான் அவர் மாண்டார் என்று சொல்ல யான் துணியேன். ஆயினும் அஃதொரு முன்னறிவிப்பு. அதன் பொருளை அவருக்கு உரைப்பார் இல்லை.

இந்நோயுடையாருள் ஈரல் கெட்டு மாள்வோரினும் இருதய நோயால் மாள்வோரே மிகுதி. இதற்குக் காரணம் என்னை? இன்சுலினுக்கு உடல் செவிசாயாத நிலையில், ஈரல் சர்க்கரையையும் கொழுப்பையும் மிகுதியாக இரத்தத்தில் விடுகின்றது. டிரைகிளிசரைடு உயர்கின்றது, நல்ல கொலஸ்டிரால் தாழ்கின்றது, தீய கொலஸ்டிராலின் சிறு துகள்கள் இரத்தக் குழாய்ச் சுவரினுட் புகுந்து படிகின்றன. ஈரலின் அழற்சியும் அக்குழாய்களுக்குக் கேடு சூழ்கின்றது. நாம் இரண்டெனக் கருதும் நோய்கள் பெரும்பாலும் ஒரே வேரினின்று கிளைத்தவை. 2023ஆம் ஆண்டில் மருத்துவ சங்கங்கள் பல கூடி, இந்நோயின் பெயரில் இருந்த "மதுசாராத" என்னும் அடையை நீக்கி, வளர்சிதைமாற்றக் கோளாற்றைச் சுட்டும் பெயர் இட்டன.

நம் மாவட்டத்துக்கு இதில் தனிப் பொறுப்புண்டு. வீடு தேடிச் சென்று இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் கவனிக்கும் "மக்களைத் தேடி மருத்துவம்" 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கப்பெற்றது கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியிலேயாம். அதே ஆண்டு பிப்ரவரியில் இந்திய அரசினர் கொழுப்பு ஈரல் நோயையும் தொற்றா நோய்த் திட்டத்துட் சேர்த்தனர். வாயிலில் வந்து நிற்கும் சுகாதாரத் தன்னார்வலர், "வீட்டில் ஸ்கேன் அறிக்கை உண்டோ? ஈரலைப் பற்றி ஏதேனும் எழுதியுள்ளதோ?" என்று கேட்டால் செலவென்ன? ஸ்கேன் நிலையத்தாரும் அவ்வரியின் கீழ், "இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு இவற்றைச் சோதிக்க" என அச்சிடலாகாதோ?

பரிகாரம் பெரும்பாலும் நம் கையில் உளது. 80 கிலோ எடையுள்ள பருத்த உடலினர் 6 முதல் 8 கிலோ குறைத்தாலே ஈரலின் அழற்சி தணியக் கூடும். இருதயத்துக்கும் அது நலமே. நம் பாட்டனார் கேழ்வரகுக் களி உண்டு திடமாயிருந்தனர் என்று மேடைதோறும் கேட்கின்றோம். களியுண்டு அவர் ஏர் பிடித்ததை மட்டும் ஒருவரும் கூறுவதில்லை. ஷிப்டு முடிந்து நள்ளிரவில் பரோட்டா தின்று படுப்பவரை மட்டும் பழித்துப் பயனில்லை. அவ்வேளையில் வேறென்ன கிடைக்கின்றது? தொழிற்சாலை உணவுச்சாலையினர் விடை சொல்லவேண்டும்.

எல்லாரையும் அச்சுறுத்தி மருத்துவமனைகளை நிரப்புவதா என்று வினவுவாருண்டு. அன்று. வயது, ஈரல் நொதிகள் இரண்டு, பிளேட்லெட் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டு இடும் ஃபிப்-4 என்னும் கணக்கொன்று உளது. விடை 1.3க்குக் கீழாயின் ஈரல் தழும்பேறியிருக்கும் ஐயம் குறைவு. அத்தகையோர் ஈரல் நிபுணரை நாடி அலைய வேண்டுவதில்லை. அவர் இருதயத்தைப் பற்றிய கேள்வி மட்டும் அக்கணக்கோடு தீர்வதன்று; அதற்குத் தனியே சோதனை வேண்டும்.