இருபத்தொன்றோடு முடியாத இசை

கோடைத் திங்கள்களில் மக்களையும் பேரக் குழந்தைகளையும் காண அமெரிக்கா சென்று திரும்பும் நம் சங்க அன்பர்கள் நயாகராவைப் பற்றிச் சொல்வார்கள். நியூயார்க்கின் வானளாவும் மாளிகைகளைப் பற்றிச் சொல்வார்கள். அதே கோடையில் அந்நாட்டுச் சிற்றூர்களின் மைதானங்களில் முழங்கும் முரசொலியைப் பற்றிச் சொல்பவர் மிகச் சிலரே. இத்திங்கள் இப்பகுதியில் அதனைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறேன்.

அதன் பெயர் ‘டிரம் கோர்’. ‘கோர்’ என்பது படைப்பிரிவைக் குறிக்கும் சொல். ஆதலின் நாம் அதனை முரசணி என்று அழைக்கலாம். நம் ஊர்த் திருமண ஊர்வலத்தின் பாண்டு வாத்தியத்தையோ, குடியரசு நாள் அணிவகுப்பில் வரும் படைவீரரின் இசைக்குழுவையோ மனத்தில் வைத்துக்கொண்டு தொடங்கினால் தவறில்லை. ஆயினும் வேற்றுமை பெரிது. முரசணி தெருவழியே நேராகச் செல்வதன்று. நூறு கெஜ நீளமுள்ள அமெரிக்கக் கால்பந்து மைதானமே அதன் மேடை. ஏறத்தாழ நூற்றைம்பது இளைஞரும் இளம் பெண்களும் அங்கே முன்னும் பின்னும் அடிவைத்து, வட்டமாகவும் சாய்கோடாகவும் வளைவாகவும் கணந்தோறும் உருமாறிக்கொண்டே வாசிப்பார்கள். கையில் இசையேடு இராது, அனைத்தும் மனப்பாடம். ஊதுவன பித்தளை வாத்தியங்கள். அவற்றுள் பெரியது பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ளது. அதனைத் தோளில் சுமந்தபடியே ஓடவும் வேண்டும். முரசுகளை மார்பிலே தாங்கியவர் ஒருபால். கொடியையும் மரத்துப்பாக்கியையும் வாளையும் வானில் எறிந்து பிடிக்கும் ஆடற்குழுவினர் ஒருபால். ஒரு காட்சி பன்னிரண்டு நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். நூறு மதிப்பெண்ணுக்கு நடுவர்கள் தீர்ப்பளிப்பார்கள்: மொத்தப் பயனுக்கு 40, இசைக்கு 30, காட்சியமைப்புக்கு 30.

இக்கலை போர்க்களத்தின் நிழலில் பிறந்தது. முதல் உலகப் போருக்குப் பின் ஊர் திரும்பிய அமெரிக்க வீரர்கள் தம் சங்கங்களின் சார்பில் முரசும் ஊதுகொம்பும் கொண்ட குழுக்களை அமைத்தார்கள். தேவாலயங்களும் சாரணர் படைகளும் தத்தம் பிள்ளைகளுக்காக அதனை மேற்கொண்டன. விஸ்கான்சின் மாநிலத்து ‘மாடிசன் ஸ்கௌட்ஸ்’ 1938இலும், சிக்காகோவின் ‘கேவலியர்ஸ்’ 1948இலும் சாரணர் இயக்கத்திலிருந்தே தோன்றின. நெடுங்காலம் போட்டிகளை நடத்தியவை முன்னாள் வீரர்களின் சங்கங்கள். விதிகளையும் வருவாயையும் குறித்து மனக்குறை வளரவே, முரசணிகள் தமக்கெனத் தனி அமைப்பைக் கண்டன. அதன் முதற் போட்டி 1972இல் விஸ்கான்சினின் ஒயிட்வாட்டர் நகரில் நடந்தது. கலிபோர்னியாவின் ‘அனஹைம் கிங்ஸ்மென்’ வாகை சூடியது. 2009 முதல் இறுதிப் போட்டிக்குரிய களம் இண்டியானாபொலிஸ் நகரின் பெரும் விளையாட்டரங்கமாக இருந்து வருகிறது.

இனி உறுப்பினரின் வாழ்க்கையைக் காண்போம். இரவெல்லாம் பேருந்துப் பயணம். விடியுமுன் ஏதோ ஓர் ஊர்ப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் தரைமேல் படுக்கை விரித்துச் சில மணி நேர உறக்கம். பின்னர்ப் பகல் முழுவதும் வெயிலில் பயிற்சி. ஓர் அடி பிழைத்தாலும் ‘மீண்டும்’ என்ற கட்டளை. மாலையில் போட்டி, இரவில் மறுபடியும் பேருந்து. கோடை முழுவதும் இவ்வாறே கழியும். இதற்கு ஊதியம் உண்டோ என்று வினவுவீர்கள். இல்லை, உறுப்பினர்தாம் ஆயிரக்கணக்கான டாலர் கட்டணம் செலுத்த வேண்டும். முன்னாளில் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்த ஒரு கலை, இன்று எளியவர் எட்டுதற்கு அரியதாகி வருகிறது என்று வருந்துவோரும் உளர்.

இத்தனை உழைப்புக்கும் ஒரு கடுமையான எல்லை உண்டு. இளையோர் முரசணியில் பொதுவாக இருபத்தொரு வயதுக்கு மேல் இடமில்லை. எத்துணைத் திறமை வாய்ந்தவராயினும் அந்த ஆகஸ்டு இரவில் இறுதிப் போட்டி முடிந்ததும் வாத்தியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டியதுதான். பாடகர் எண்பது வயதிலும் பாடலாம். முரசணியாளரோ தம் கலை முதிரும் வேளையிலேயே ஓய்வு பெறுகிறார். ஒருவர் தனியே வீட்டில் வாசித்து அதனைத் தொடரவும் இயலாது. நூற்றைம்பது பேர் ஒரே மூச்சாய் இயங்கினாலன்றி அக்கலை இல்லை.

வெளியேறியவர் மறந்துவிடுகிறாரா என்றால், அதுதான் இல்லை. 2008இல் இல்லினாய் மாநிலத்தின் ‘ஃபாண்டம் ரெஜிமெண்ட்’ அடிமை வீரன் ஸ்பார்ட்டகஸின் கதையை ஆடி 98.125 மதிப்பெண் பெற்றது. கலிபோர்னியாவின் ‘புளூ டெவில்ஸ்’ பெற்றது 98.100. மதிப்பெண்ணில் நாற்பதில் ஒரு பங்குதான் வேற்றுமை! நடுத்தர வயதை எட்டிய பழைய உறுப்பினர்கள் இத்தகைய எண்களைத் தம் பிள்ளைகளின் பிறந்த நாளைப் போல் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனினும் அவர்களுடைய பற்று நினைவோடு நிற்பதில்லை. நடமாடும் சமையல் வண்டியில் நாளுக்கு நான்கு வேளை உணவு சமைப்பவர், சரக்கு வண்டி ஓட்டுபவர், கிழிந்த சீருடையைத் தைப்பவர் ஆகியோருள் பலர் பழைய உறுப்பினர்களே. வயது வரம்பற்ற குழுக்களுக்கென 1960களில் ஓர் அமைப்பும் உருவாயிற்று. முதல் வாகை சூடிய கிங்ஸ்மென் அணி பின்னாளில் கலைந்து போனது. ஆயினும் 2007இல் கலிபோர்னியாவில் போட்டி நடந்தபோது அதன் பழைய உறுப்பினர்கள் முரசணியாகத் திரண்டு மீண்டும் மைதானத்தில் இறங்கினார்கள். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் வென்றவர்களின் நரைத்த தலைகளை எண்ணிப் பாருங்கள்!

பற்றுள்ள இடத்தில் பூசலும் உண்டு. 2000இல் பழைய ஊதுகொம்பின் ஒரே சுருதி என்னும் கட்டுப்பாடு தளர்ந்தது. 2004இல் ஒலிபெருக்கி நுழைந்தது. 2009இல் மின்னணு இசைக்கருவிகள் வந்தன. ஒவ்வொரு முறையும், ‘இது எங்கள் முரசணியே அன்று’ என்று முதியோர் முறையிட்டார்கள். இளையோர் கேட்டுக்கொண்டார்கள், பின்னர்த் தம் விருப்பப்படியே வாசித்தார்கள். முறையிட்டவர்களும் மறு ஆண்டு தவறாமல் சீட்டு வாங்கிக்கொண்டு வந்து அமர்ந்தார்கள்.

ஆனால் அன்புக்கு இதனினும் கடிய சோதனை ஒன்று வந்தது. நியூ ஜெர்சியின் கார்ஃபீல்டு நகரில் 1934இல் ஒரு தேவாலயத்தைச் சார்ந்து பிறந்தது ‘கேடட்ஸ்’ அணி. 1972க்குப் பின் மட்டும் பத்து முறை அது முதலிடம் பெற்றது. 2018இல் அதன் நெடுநாளைய தலைவர் மீது பெண்கள் பலர் பாலியல் துன்புறுத்தல் குற்றம் சாட்டினார்கள். அவர் மறுத்தாராயினும் பதவி விலகினார். பின்னர், 1980களில் நிகழ்ந்ததாகக் கூறப்பட்ட வேறொரு கொடுமை குறித்து வழக்கும் எழுந்தது. வழக்கின் சுமையையும் பணமுடையையும் தாங்கமாட்டாமல், 2024இல், தன் தொண்ணூறாம் ஆண்டில் அந்த அணி மூடப்பட்டது.

அதன் பழைய உறுப்பினர்களின் நிலையை எண்ணுங்கள். தம் இளமையின் பொற்காலம் என்று போற்றிய இடத்திலேயே வேறு சிலருடைய இளமை காயப்பட்டது என்று கேட்டால் மனம் என்ன பாடுபடும்! ‘அணியின் பெயரைக் கெடுக்காதீர்கள்’ என்று சொல்லத் தூண்டுவதும் அன்புதான். ‘உண்மை வெளிவரட்டும்’ என்று சொல்ல வைப்பதும் அன்புதான். இவற்றுள் முன்னையது பெயரைக் காக்கும். பின்னையது பிள்ளைகளைக் காக்கும். பிள்ளைகள் இல்லையேல் முரசணி ஏது? ஓர் அமைப்பினிடத்து நாம் வைக்கும் பற்று, அதன் புகழைக் காட்டிலும் அதில் இன்று நிற்கும் சிறுவர் சிறுமியரைப் பெரிதாகக் கருதுமானால், அதுவே நிலைத்த பற்று எனத் தகும். நாடகமும் நடனமும் பாட்டும் சொல்லித்தரும் நம் போன்ற சங்கங்களும் இதனை மனத்தில் கொள்ளுதல் நலம்.

வரும் கோடையில் அமெரிக்கா செல்லும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். அருகில் எங்கேனும் முரசணிப் போட்டி நடந்தால் ஒரு மாலை சென்று பாருங்கள். சற்று முன்னதாகவே சென்றால், அணிகள் வாகன நிறுத்துமிடத்தில் கை பழகுவதை மிக அருகில் நின்று கேட்கலாம். அங்கே நரைத்த தலையர் ஒருவர் பிள்ளைகளுக்குத் தண்ணீர் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடும். முரசு ஒலிக்கத் தொடங்கியதும் அவருடைய விரல்களைக் கவனியுங்கள்.