அகலக்கால் வெச்ச விமானம்

‘சூரரைப் போற்று’ படத்தை உங்கள்ல நிறையப் பேர் பார்த்திருப்பீங்க. சோழவந்தான் பையன் ஒருத்தன் விமானக் கம்பெனி ஆரம்பிச்சு ஜெயிக்கிற கதை. நிஜத்துல அந்த ஆள் கேப்டன் கோபிநாத், கர்நாடகாவுல ஹாசன் ஜில்லா கொரூர்க்காரர். விவசாயிதான். ஹேமாவதி அணை கட்டினப்போ அவங்க குடும்ப நிலம் தண்ணிக்குள்ள போச்சு. பதிலுக்கு சர்க்கார் கொடுத்தது வறண்ட மேட்டுக்காடு. பட்டாளத்தை விட்டு வந்த மனுஷன் அதுல தென்னை வெச்சார், பட்டுப்புழு வளர்த்தார், மேலே வந்தார். படம் அவர் ஜெயிச்சதோட முடிஞ்சிடுது. அதுக்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியமாப் படுது.

ஏர் டெக்கான் 2003 ஆகஸ்ட்ல பெங்களூருக்கும் ஹூப்ளிக்கும் நடுவுல பறக்க ஆரம்பிச்சது. 48 பேர் உட்கார்ற சின்ன ஏடிஆர் விமானம். மத்த கம்பெனி எட்டிப் பார்க்காத ஊருக்குப் போறது, சாப்பாடு கிடையாது, டிக்கெட் மலிவு. ஒரு ரூபாய் டிக்கெட்கூட வித்தாங்க. எனக்கு இந்த யோசனையில குறையே தெரியலை. ஆனா அடுத்த வருஷமே பெரிய ஏர்பஸ் எடுத்து டெல்லிப் பக்கம் போயிட்டாங்க. நாலே வருஷத்துல 40 விமானத்துக்கு மேல, 60 ஊருக்கு மேல. ரெண்டு கம்பெனி டிராக்டர் வெச்சிருக்கிறவனைக் கேளுங்க, ஒண்ணோட ஃபில்டர் இன்னொண்ணுக்குச் சேராதும்பான். விமானத்துல பைலட்டே மாத்தி உட்கார முடியாது. அதுக்குள்ள ஸ்பைஸ்ஜெட், கோஏர், இண்டிகோன்னு வரிசையா வந்து பெரிய ஊர்கள்ல விலையை இன்னும் கீழே இறக்கிட்டாங்க. 2007-ல மல்லையா குழுமம் 26 சதவீதப் பங்கை வாங்கிச்சு.

வெளிநாட்டுக்குப் பறக்கணும்னா உள்நாட்டுல அஞ்சு வருஷம் ஓட்டியிருக்கணும்னு அப்போ விதி. கிங்ஃபிஷருக்கு அந்த வயசு ஆகலை, டெக்கானுக்கு 2008-ல ஆகப்போகுது. கிணத்துக்காகக் காட்டை வாங்குற மாதிரின்னு வெச்சுக்கோங்க. பேரை ‘கிங்ஃபிஷர் ரெட்’னு மாத்தினாங்க, 2011-ல மலிவு டிக்கெட்டே வேண்டாம்னாங்க, 2012 அக்டோபர்ல மொத்தக் கம்பெனியும் தரையில நின்னுச்சு.

இண்டிகோ செஞ்சது நேர் எதிர். 2006-ல ஒரே வகை விமானத்தோட பெரிய ஊர்கள்ல வேர் பிடிச்சிட்டு, சின்ன ஊருக்கான ஏடிஆரை 2017 கடைசியிலதான் இறக்கினாங்க. பதினோரு வருஷம் கழிச்சு! கோபிநாத் மேல எனக்கு மரியாதை உண்டு. எங்களை மாதிரி ஊருக்கும் விமானம் வரலாம்னு காட்டினது அவர்தான். அகலக்கால் வெச்சதைத்தான் சொல்றேன்.

இப்போ சர்க்காரே அந்த அகலக்காலை வைக்குது. உடான் திட்டம் 2016-ல வந்தது, 2017 ஏப்ரல்ல சிம்லா-டெல்லி விமானத்தோட ஆரம்பமாச்சு. பாதி சீட்டுக்கு, ஒரு மணி நேரப் பயணம்னா 2,500 ரூபாய் சுமார். நஷ்டத்துக்கு மூணு வருஷம் சர்க்கார் பணம், அதுவரைக்கும் போட்டிக் கம்பெனியும் உள்ள வராது. எங்க சேலத்துக்கு 2018 மார்ச்சுல ட்ரூஜெட் சென்னையிலிருந்து வந்துச்சு. 2021-ல நின்னு போச்சு. அப்புறம் 2023 அக்டோபர் வரைக்கும் கமலாபுரம் ஓடுபாதையில பயணிகள் விமானம் கிடையாது.

சேலம் மட்டும்னா விட்டுடலாம். 2023-ல வந்த சிஏஜி அறிக்கையைப் பாருங்க. உடான் மூணாம் சுற்று வரைக்கும் கொடுத்த வழித்தடம் 774. அதுல 403 ஆரம்பிக்கவே இல்லை. ஆரம்பிச்ச 371-ல மூணு வருஷத்தை முழுசா முடிச்சது 112. மானியம் நின்ன பிறகும் 2023 மார்ச் வரைக்கும் ஓடினது 54.

மூணு வருஷக் குத்தகைன்னா குச்சிக்கிழங்கு போடலாம், கடலை போடலாம். தென்னை எவன் வைப்பான்? காய்க்கவே அஞ்சு வருஷம் ஆகும். விமானத்துல போற பழக்கமும் அப்படித்தான். கொலுசு வியாபாரி ஒருத்தர் ரெண்டு தடவை விமானத்துல போவார், மூணாவது தடவை ரத்துன்னு சேதி வந்தா திரும்ப ட்ரெயினுக்கே போயிடுவார். அவரை மறுபடி கூட்டிட்டு வர எத்தனை வருஷம் ஆகுமோ.

பட்டணத்துல இருக்கிற உங்களுக்கு இது டிக்கெட் சமாச்சாரம். கமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி ஜனங்களுக்கு நிலத்துச் சமாச்சாரம். விரிவாக்கத்துக்கு 570 ஏக்கர் வரைக்கும் வேணும்னு வந்தப்போ 2018-லயே அவங்க எதிர்த்து நின்னாங்க. ஆள் ஏறலைன்னா கம்பெனி விமானத்தை வேற ஊருக்குத் திருப்பிக்கும். சிமெண்ட் போட்ட காட்டை யார் திருப்புறது? விமானமே வேண்டாம்னு நான் சொல்லலை, சேலத்துக்கு அது தேவைதான். நிலம் அளக்க வர்ற தாசில்தார் கையில, எந்தக் கம்பெனி, எத்தனை விமானம், எத்தனை வருஷத்துக்குன்னு எழுதின ஒப்பந்தமும் இருக்கணும்ங்கறேன். பத்து வருஷத்துக்குக் குறைஞ்சா, அந்த ஊர்க்காரங்க அளவுக்கல் நட விடக்கூடாது.